கூட்டாளி சொன்ன இடம்

என் கணவர் முந்தோ ஒரே ஒரு கோல்ஃப் ஆட்டத்துக்கு முப்பத்தைந்து வருஷம் திட்டம் போட்டார். அதற்குள் எங்கள் ஊரில் ஒரு மலையையே வெட்டி, செம்பை எடுத்து, சுரங்கத்தையும் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நான்காவது குழிக்கு எந்த மட்டையை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

செத்துப்போனவர்களைப் பற்றித்தான் இப்படி உட்கார்ந்து எழுதுவார்கள். என் ஆள் உயிரோடுதான் இருக்கிறார். அடுத்த அறையில் ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக்கொண்டு நடுவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவரைப் பற்றி அவரே எழுத மாட்டார், எழுதினாலும் இனி அவரால் படிக்க முடியாது. அதனால் நான் எழுதுகிறேன். நான் ஓபேலியா. கட்டிக்கொண்டு ஐம்பத்தொரு வருஷம் ஆகிறது. இன்றுவரை ஒரு பந்தைக்கூட நான் அடித்ததில்லை.

முழுப் பெயர் ரைமுந்தோ என்சினாஸ். 1939இல் அரிசோனாவின் தென்கோடியில், சான் ரோக்கே சுரங்க ஊரில் பிறந்தார். பதினெட்டு வயதில் அப்பாவோடு சேர்ந்து சுரங்கத்தில் இறங்கினார். இருபத்தைந்தில் கல் ஏற்றும் டிரக் ஓட்டினார். அந்த டிரக்கின் ஒரு சக்கரம் எங்கள் வீட்டு வாசற்கதவைவிட உயரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை முடிந்ததும் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மேனேஜர்களுக்குக் குன்றின் மேல் புல் போட்ட மைதானம் இருந்தது. எங்கள் ஆட்கள் அங்கே புல் வெட்டலாம், ஆட முடியாது. அதற்காக அழுதுகொண்டு உட்காரவில்லை. சுரங்கக் கழிவு மேட்டுக்குப் பின்னால் முட்புதரை வெட்டி ஒன்பது குழி தோண்டினார்கள். பெயருக்குக்கூட ஒரு புல் கிடையாது. குழியைச் சுற்றி மணலைக் கொட்டி, டிரக்கில் வடித்த பழைய எண்ணெயை அதன்மேல் ஊற்றி இறுக்குவார்கள். பந்தை வைத்து அடிக்க ஆளுக்கொரு துண்டுக் கம்பளம். மாதா கோயிலில் சிவப்புக் கம்பளத்தை மாற்றியபோது பழையதைப் பாதிரியார் இவர்களுக்குக் கொடுத்துவிட்டார். முழங்கால் போட்டு ஜெபித்த கம்பளத்தின் மேல் நின்று இவர்கள் பேசிய பேச்சை அந்தப் பாதிரியார் கேட்டிருந்தால் அன்றைக்கே திரும்ப வாங்கியிருப்பார்.

அந்த மைதானத்தில் ஒரு சட்டம் இருந்தது. தரை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக் கல். அதில் வெள்ளைப் பந்து விழுந்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதனால் அடிக்கிறவன் தலையைத் தூக்கக் கூடாது. பந்து எங்கே போகிறது என்று பார்ப்பது அவன் கூட்டாளியின் வேலை. பந்து கிடைக்காமல் போனால், கூட்டாளி எந்த இடத்தைக் காட்டுகிறானோ அங்கே வேறு பந்தைப் போட்டு அடிக்கலாம். எதிர் அணி மறுபேச்சுப் பேசக் கூடாது. கூட்டாளி சொன்ன இடம்தான் பந்து விழுந்த இடம். ஒரு சாட்சி கிடையாது, ஒரு சண்டை கிடையாது. எனக்குத் தெரிந்து சான் ரோக்கேயில் ஆண்பிள்ளைகள் ஒருவர் வார்த்தையை ஒருவர் நம்பிய ஒரே இடம் அதுதான்.

முந்தோவின் கூட்டாளி சாலோ. கொன்சாலோ முர்ரியெத்தா. ஒரே தெரு, ஒரே ஷிஃப்ட். சாலோவின் கண் பருந்துக் கண் என்று ஊரே சொல்லும். பந்து கல்லில் பட்டு, கள்ளியில் பட்டு, உடும்பின் வளைக்குள் போனாலும் நேராக நடந்துபோய்க் காலால் காட்டுவார். எங்கள் மகள் கிரசியேலா பிறந்ததும் ஞானஸ்நானத்துக்கு அவரையே ஞானத்தந்தையாக நிறுத்தினோம். அதோடு இரண்டு பேரும் கம்பாத்ரே ஆனார்கள். எங்களிடம் அந்த உறவு கூடப்பிறந்தவர்களைவிடப் பெரிது. கூடப்பிறந்தவர்களை நாமா தேர்ந்தெடுத்தோம்?

1979இல் புது ஃபிரிட்ஜ் வாங்க நாங்கள் இருவரும் சாலோவும் அவர் மனைவி சொகோரோவும் பீனிக்ஸ் போனோம். போன வேலையை விட்டுவிட்டு, ஆண்கள் இருவரும் வண்டியை ஸ்காட்ஸ்டேலுக்கு வடக்கே திருப்பினார்கள். உருண்டைப் பாறைக் குன்றுகளுக்கு அடியில் இருக்கிறதே, டிவியில் பெரிய போட்டியெல்லாம் காட்டுவார்களே, அந்த ரிசார்ட்டைப் பார்க்க. வாசலில் காவலாளி விடவில்லை. கம்பி வேலியோரம் நின்று பார்த்தோம். பாலைவனத்தின் நடுவில் யாரோ பச்சைக் கம்பளியை உதறிப் போட்டதுபோல் கிடந்தது. முந்தோ வேலிக்குள் கையை விட்டுப் புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கையை முதல்தடவை பிடித்தபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. இதை அவரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"இங்க ஒரு நாள் ஆடுறோம்டா கம்பாத்ரே. நீ பந்தைப் பார்த்துக்கோ, நான் அடிக்கிறேன்."

"நீ அடிக்கிற லட்சணத்துக்குப் பந்தைப் பார்க்க ஹெலிகாப்டர் வேணும்டா."

பன்றித்தோல் வறுவல் வாங்கிய காகிதப் பையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அப்போதே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கோடையில் வர வேண்டும், விலை இறங்கியிருக்கும். விடியும்போதே முதல் ஆளாக ஆட வேண்டும். அந்த மத்தியானம் நான் ஃபிரிட்ஜுக்காக எவ்வளவு கத்தினேன்! இப்போது நினைத்தால், என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மத்தியானம் எது என்று தெரியவில்லை. நாலு பேரும் நாற்பதைத் தாண்டவில்லை. வண்டியின் பின்னால் உட்கார்ந்து சொகோரோவும் நானும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு வந்தோம்.

நாலு வருஷம் கழித்து வேலைநிறுத்தம் வந்தது. ஊர் இரண்டாகப் பிளந்தது. வேலைநிறுத்தத்தில் இருந்த குடும்பங்களுக்குச் சுரங்கத்தின் மருத்துவமனைக் கதவு அடைபட்டது. சாலோவின் பையன் பேத்தோவுக்கு அப்போது ஆறு வயது. சிறுநீரகம் கெட்ட பிள்ளை, வாரம் தவறாமல் ஊசி. ஒரு சாயங்காலம் சாலோ எங்கள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன ஆனாலும் உள்ளே போகமாட்டேன்டா" என்றார். முந்தோ அவர் தோளில் கைவைத்து அழுத்தினார். மறுநாள் காலையில் மறியலில் நின்றவர்கள் நடுவே வேலைக்குப் போகிற முதல் வண்டி ஊர்ந்து வந்தபோது, அதன் ஜன்னலோரம் சாலோ இருந்தார். முந்தோதான் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டி வந்தால் "அந்த ஆளு". நான் ஒருமுறை பேத்தோவைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"எனக்குத் தெரியும்டி. பிள்ளைக்காகப் போனான். நானா இருந்தாலும் போயிருப்பேனோ என்னவோ. போனதுக்காக இல்ல. என் மூஞ்சியப் பார்த்துப் பொய் சொன்னான் பாரு, அதுக்கு."

சுரங்கம் மூடியதும் நாங்கள் காசா கிராண்டேக்கு வந்தோம். முந்தோ பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார், இருபது வருஷம். வீட்டளவு பெரிய டிரக்கை ஓட்டியவருக்கு அந்த மஞ்சள் பேருந்து பொம்மை மாதிரி. சாலோ குடும்பம் யூமா பக்கம் போய்விட்டது. சொகோரோவை நான் விடவில்லை. ஆண்கள் முறைத்துக்கொண்டால் நாங்களும் முறைத்துக்கொள்ள வேண்டுமா? வருஷா வருஷம் டிசம்பரில் பாதி வழியில் ஹீலா பெண்ட் என்ற ஊரில், ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்தில் சந்திப்போம். சோளத்தோலில் பொதிந்து அவித்த தமாலே ஒரு கூடை நான் கொடுப்பேன், ஒரு கூடை அவள் கொடுப்பாள். அவளுடையது பச்சை மிளகாயும் பாலாடைக்கட்டியும் வைத்தது. என் தங்கை செய்தது என்று சொல்லி முந்தோவுக்குப் போடுவேன். கிறிஸ்துமஸ் முழுக்க அதைத்தான் தின்பார்.

எழுபதுக்கு மேல் அவருக்குக் கண் போக ஆரம்பித்தது. பார்வையின் நடுவில் ஒரு கறை. ஓரம் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. என் முகத்தைப் பார்க்கக் கோழி மாதிரி தலையைச் சாய்ப்பார். இது திரும்பி வராது, பார்வை இருப்பது இன்னும் ஒன்றிரண்டு வருஷம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று காரில் வரும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் பேசாமல் வந்த முதல் பயணம் அது என்று கிரசியேலா சொன்னாள்.

எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அவள்தான் அந்த ரிசார்ட்டில் இரண்டு பேர் ஆடுவதற்கான சீட்டை வாங்கி வந்து கொடுத்தாள். எந்த நாள், எந்த நேரம் என்று நாமே போன் செய்து குறித்துக்கொள்ள வேண்டும். முந்தோ அந்த அட்டையை வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தார், தடவினார், சட்டைப் பையில் வைத்தார். மறுநாள் எங்கள் சமையலறைச் சுவர் காணாமல் போனது.

பதினெட்டுக் குழியையும் வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கிரசியேலாவின் ஆபீஸில் போர்வை அளவுக்கு அச்சடித்து வாங்கி, சுவர் முழுக்க ஒட்டினார். தடித்த கறுப்புப் பேனாவால் நோட்டில் பக்கத்துக்கு ஒரு குழி. எங்கே வறண்ட ஓடை குறுக்கே வருகிறது, எங்கே அடித்தால் பந்து கள்ளிக்காட்டுக்குள் போகும், எல்லாம். ஜூலை இரண்டாம் வாரம், முதல் நேரம், ஐந்து இருபத்து நாலு. குளிர்காலத்தில் வடக்குப் பனிக்குப் பயந்து மினசோட்டாக்காரர்கள் வந்து ஆடட்டும். நூற்றுப் பத்து டிகிரியில் ஆடுகிறவன்தான் ஊர்க்காரன். கையுறை மூன்று, ஒன்று வியர்வையில் நனைந்தால் அடுத்தது. உறைய வைத்த தண்ணீர் பாட்டில் எட்டு. ஐஸ் பெட்டியில் ஈரத் துண்டு. காலில் கள்ளிமுள் ஒட்டிக்கொண்டால் வாரி எடுக்கச் சீப்பு. புதருக்குள் கையை விடுவதில்லை, பாம்பு இருக்கும், பந்து போனால் போகட்டும்.

எல்லாம் எழுதியாயிற்று. இரண்டாவது ஆள் யார் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

எங்கள் மருமகன் டுவைட் நல்ல பிள்ளை, நன்றாகவும் ஆடுவான். "நான் வரேன் மாமா, உங்க பந்தை நான் பார்த்துக்கிறேன்" என்றான்.

"உனக்குப் புல்லுல பார்த்துத்தான்பா பழக்கம். மண்ணுல பந்து பார்க்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருக்கான்" என்றார் முந்தோ. சொல்லிவிட்டு, சுவரில் இருந்த ஒன்பதாவது குழியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

டுவைட் போனதும் கேட்டேன்.

"கிழவா, யாரைச் சொன்னே?"

"யாரையும் சொல்லல."

"நான் வேணா விசாரிக்கவா? சொகோரோ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்."

"தெரியாம என்ன? இத்தனை வருஷமா உன் தங்கச்சி கைக்கு அந்தப் பக்குவம் எங்கேருந்து வந்துச்சுன்னு நினைச்சே? உன் தங்கச்சிக்கு வெந்நீரே வைக்கத் தெரியாது."

அவர் சர்வசாதாரணமாகக் காபியைக் குடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கண்ணு முழுசா போறதுக்குள்ள ஒரு தடவை. அவ்வளவுதான் கிழவி. வரமாட்டேன்னா விட்டுடு, கெஞ்சாதே."

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. கோல்ஃபை மட்டும் அல்ல. இவருக்குச் சாலோவின் முகத்தை ஓரக்கண்ணாலாவது இன்னொரு தடவை பார்க்க வேண்டும். கண் இருட்டிய பிறகு அந்த மனிதர் வந்து நின்றாலும் இவருக்கு மீதி இருக்கப்போவது குரல் மட்டும்தான்.

நான் சொகோரோவுக்குப் போன் செய்தேன். அவள் கேட்டதும் அழுதாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம், "ஐயோ ஓபேலியா, அவருக்கும் கண்ணு தெரியாதுடி!" என்றாள்.

சாலோவுக்குக் கண்ணில் அழுத்தமாம். நடுவில் ஒரு சாவித்துவாரம் அளவுக்குத் தெரியும், ஓரமெல்லாம் இருட்டு. தட்டில் இருக்கிற ரொட்டி தெரியும், பக்கத்து டம்ளரைத் தட்டிவிடுவார். ஆகாயத்தில் பறக்கிற பந்தை எங்கே போய்த் தேடுவது?

"உன் ஆளுக்கு நடுவுல இல்ல, என் ஆளுக்கு ஓரத்துல இல்ல. ரெண்டையும் சேர்த்துத் தச்சா ஒரு முழுக் கண்ணு வரும்" என்றாள்.

ஆனால் சாலோ வருவதாகச் சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை, கண் விஷயம் முந்தோவுக்குத் தெரியக் கூடாது. "பந்தைப் பார்க்கத்தானே கூப்பிடறான். பார்க்க முடியாதுன்னா எதுக்கு வரச் சொல்லுவான்?" என்று கேட்டாராம்.

ஆகவே எங்கள் திட்டத்துக்குள் இன்னொரு திட்டம் போட்டோம். மைதானத்துக்குள் ஓடும் சின்ன வண்டியைப் பெண்கள் நாங்கள் ஓட்டுவது. முந்தோ அடிக்கும்போது நான் சாலோவுக்கு நேர் எதிரே நிற்பது. பந்து வலப்பக்கம் போனால் வலக்கை தொப்பியில், இடப்பக்கம் போனால் இடக்கை, நேரே போனால் இரண்டு கையும் இடுப்பில். சாலோவின் சாவித்துவாரத்துக்கு நான் தெரிவேன். எனக்குப் பொய் சொல்வது பிடிக்காது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், தமாலே கதையைத்தான் சொல்லிவிட்டேனே. ஆனால் அந்த வாரம் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தேன். ஒரு பொய்க்காக முப்பத்தொரு வருஷம் பேசாத மனிதர் இவர். இந்த இரண்டாவது பொய் தெரிந்தால் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவார், அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

அந்த நாளும் வந்தது. ஐந்து மணிக்கே தொண்ணூறு டிகிரி. முதல் குழியருகே சாலோ ஏற்கெனவே நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்து, சுருங்கிப்போயிருந்தார். முந்தோ நடந்துபோய் ஒரு கஜ தூரத்தில் நின்று, தலையைச் சாய்த்து, நெடுநேரம் பார்த்தார். கையைக் கொடுக்கவில்லை.

"கிழவனாயிட்டே" என்றார்.

"நீ மட்டும் பால்குடியா?" என்றார் சாலோ.

அவ்வளவுதான். கம்பாத்ரே இல்லை, பெயர் இல்லை. ஆட்டம் தொடங்கியது. முந்தோ அடித்தார், பழைய வழக்கப்படி தலையைத் தூக்கவில்லை, "எங்கே?" என்று கேட்டார். நான் இடக்கையைத் தொப்பிக்குக் கொண்டுபோனேன். "இடப்பக்கம், புல்லோரம்" என்றார் சாலோ. நான் வண்டியை நேரே அங்கே ஓட்டினேன். பந்து இருந்தது. இரண்டாவது குழியில் வலம். மூன்றாவதில் நேர். ஐந்தாவது குழிக்கு வரும்போது இரண்டு கிழவர்களும் பழைய ஃபோர்மேனைத் திட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சொகோரோ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்குக் கை வலித்தது, மனசு குளிர்ந்து கிடந்தது. இப்படியே பதினெட்டும் போய்விட்டால் போதும் மாதாவே என்று வேண்டிக்கொண்டேன்.

ஏழாவது குழியில் முந்தோ அடிப்பதற்கு முன்னால் நிமிர்ந்தார். சாலோவிடம் போய் அவர் தோளில் கைவைத்து அழுத்தினார்.

"கண்ணுன்னா உன் கண்ணுதான்டா. இத்தனை வருஷத்துல ஒண்ணும் குறையல."

முந்தோ போய் நின்று அடித்தார். சத்தம் நன்றாகத்தான் கேட்டது, ஆனால் பந்து வலப்பக்கம் வளைந்து வறண்ட ஓடைக்குள் போய் விழுந்தது. நான் வலக்கையைத் தொப்பியில் வைத்தேன்.

"எங்கே?" என்றார் முந்தோ, தலையைத் தூக்காமல்.

சாலோ என் பக்கமே திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியல முந்தோ."

"கண்ணுல வெயில் அடிச்சுதா?"

"இல்ல. எனக்குப் பந்து தெரியவே தெரியாது. கண்ணு போயி மூணு வருஷமாச்சு. முதல் குழியிலேருந்து உன் பொண்டாட்டி கை காட்டினா, நான் சொன்னேன்."

சொகோரோ சிலுவை போட்டுக்கொண்டாள். முந்தோ நிமிர்ந்தார். என்னை ஒரு பார்வை, தலையைச் சாய்த்து. பிறகு சாலோவைப் பார்த்தார்.

"நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. இப்ப ஏன்டா சொன்னே?"

"தோள்ல கை வச்சியே. அன்னிக்கும் இப்படித்தான் வச்சே. என்னால மறுபடி அதே நாற்காலியில உட்கார்ந்திருக்க முடியாதுடா."

ஓடைப் பக்கம் காடை ஒன்று கூவிக்கொண்டிருந்தது. முந்தோ மட்டையைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்து நின்றார்.

"அன்னிக்கு இப்படிச் சொல்லியிருக்கலாமே. நாளைக்குப் போறேன்டா, பிள்ளைக்காகப் போறேன்டான்னு."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

முந்தோ யோசித்தார். இந்த மனிதர் யோசித்துப் பதில் சொல்லி நான் அதிகம் பார்த்ததில்லை.

"மாட்டேன். உன் வாசல்ல குறுக்கே படுத்திருப்பேன்."

"அதான்."

எங்களுக்குப் பின்னால் அடுத்த கூட்டம் வந்து காத்திருந்தது. ஒருவன் கையைத் தூக்கி ஏதோ கேட்டான், நான் முறைத்த முறைப்பில் கையை இறக்கிவிட்டான். முந்தோ வண்டியில் ஏறப்போகிறார், வீட்டுக்கு விடு என்று சொல்லப்போகிறார் என்று நான் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து வேறொரு பந்தை எடுத்தார்.

"சரி. எங்கே விழுந்துச்சுன்னு சொல்லு."

"தெரியலன்னுதானே சொல்றேன்."

"தெரியலன்னு தெரியும். நீ சொல்ற இடத்துல போட்டு அடிக்கிறேன். சொல்லு, கம்பாத்ரே."

சாலோவின் வாய் கோணிக்கொண்டு போயிற்று. மூக்கை உறிஞ்சினார். பிறகு கையை நீட்டி, எதுவும் தெரியாத அந்த வெளிச்சத்துக்குள், புல்வெளியின் நட்டநடுவைக் காட்டினார்.

"அதோ. நேரே போயி நடுவுல விழுந்துச்சு. அழகான அடி."

"அப்படித்தான் எனக்கும் தோணுச்சு" என்றார் முந்தோ. சாலோவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

பந்து வலப்பக்கத்து ஓடையில், ஒரு கள்ளிக்கு அடியில் கிடந்தது. நான் இருந்த இடத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது. தொப்பியிலிருந்து கையை இறக்கிக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை.